புதிய யந்திரமும் பழைய வாசற்படியும்

2021-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், இருபது வருஷங்கள் உயிரோடிருந்த ஒரு செயலியின் கடைசிச் சரக்கு இன்டெல் நிறுவனத்தை விட்டுப் புறப்பட்டது. இட்டானியம் என்பது அதன் பெயர். பிறப்பதற்கு முன்பே சக்கரவர்த்தியாகப் போகிறது என்று ஜோசியம் சொல்லப்பட்டு, அந்த ஜோசியத்தை நம்பிப் பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் தங்கள் சொந்த ராஜ்யங்களைக் கலைத்துவிட்டுக் காத்திருந்த பிறகு, மெல்ல மெல்ல நலிந்து, துக்கம் விசாரிக்க வருவாரில்லாமல் மறைந்த அந்த யந்திரத்தின் சரித்திரத்தை, புதிய தொழில்நுட்பம் எதைப் பற்றியாவது அபிப்பிராயம் சொல்லும்படி என்னை யாரேனும் கேட்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது வழக்கம். செயற்கை நுண்ணறிவுக்கென்றே வார்க்கப்படும் சில்லுகளைப் பற்றி நாள்தோறும் ஆரூடம் கேட்கிற இக்காலத்தில் அந்த நினைவு அடிக்கடி வருகிறது.

ஹியூலெட்-பக்கார்டு நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1980-களின் இறுதியில் முளைவிட்டு, 1994-இல் இன்டெலும் கைகோத்துக்கொண்டதால் ஊரறிந்த செய்தியாகிவிட்ட அந்த யோசனை, காகிதத்தில் பார்க்கையில் மிகவும் நேர்த்தியானது. சாதாரணச் செயலி, தனக்கு வரும் கட்டளைகளை வரிசையாகப் பெற்று, அவற்றில் எவற்றை ஒரே சமயத்தில் செய்யலாம், எதை எதற்காகக் காக்கவைக்க வேண்டும் என்பதை ஓடுகிற ஓட்டத்திலேயே தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்துக்கென்றே சில்லின் பரப்பில் கணிசமான பகுதியும், மின்சாரத்தில் ஒரு பங்கும் செலவாகின்றன. இந்த யோசனையை யந்திரம் ஏன் செய்ய வேண்டும், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே நிதானமாக உட்கார்ந்து முன்கூட்டியே செய்து, மூன்று மூன்று கட்டளைகளாக 128 பிட் மூட்டைகளில் கட்டிக் கொடுத்துவிட்டால் யந்திரம் சிந்தனைச் சுமையின்றி வேலையை மட்டும் பார்க்கலாமே என்பதுதான் இட்டானியத்தின் சித்தாந்தம். 2001-இல் அது கடைக்கு வந்தபோது, காம்பாக் நிறுவனம் உலகிலேயே வேகமானதென்று பேர் வாங்கியிருந்த தன் ஆல்ஃபா செயலியை அதற்காகவே கைவிட்டது. ஹியூலெட்-பக்கார்டும் சிலிக்கான் கிராஃபிக்ஸும் தத்தம் குலச் செயலிகளுக்கு விடை கொடுக்கத் துணிந்தன.

இதில் பிழை எங்கே இருந்தது என்பதைக் கல்யாண வீட்டுச் சமையற்கட்டைப் பார்த்தவர்கள் உடனே தெரிந்துகொள்வார்கள். எந்த அடுப்பில் எப்போது எது ஏற வேண்டும், யார் தேங்காய் துருவ வேண்டும், யார் அரிசி களைய வேண்டும் என்று முதல் நாள் இரவே ஜாபிதா எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஜாபிதாவில் ஓரெழுத்தும் பிசகாமல் நடக்கும்படி உத்தரவிடுகிற மேற்பார்வையாளர் ஒருவர். ஜாபிதா ஒன்றும் இல்லாமல் அடுப்பருகே நின்றுகொண்டு, தேங்காய் வண்டி இன்னும் வரவில்லை என்றால் கூட்டை ஒதுக்கிவைத்துவிட்டு ரசத்தைக் கொதிக்கவிடுகிற தலைமைச் சமையற்காரர் மற்றொருவர். பண்டங்கள் எல்லாம் நேரத்துக்கு வந்துவிடுகிற வீட்டில் முதலாமவர் ஜயிப்பார். ஆனால் அப்படிப்பட்ட கல்யாண வீட்டை நான் பார்த்ததில்லை. கணினியிலும் அப்படித்தான். வேண்டிய தகவல் செயலியின் அருகிலுள்ள சிறு நினைவகத்தில் இருந்தால் சில துடிப்புகளில் கைக்கு வரும். தொலைவிலுள்ள பெரிய நினைவகத்திலிருந்து வர வேண்டுமானால் நூற்றுக்கணக்கான துடிப்புகள் கழியும். இரண்டில் எது நேரும் என்பது, நிரல் ஓடுவதற்குப் பல மாதங்கள் முன்பே அதை மொழிபெயர்த்து முடித்துவிட்ட கம்பைலருக்குத் தெரிய வழியே இல்லை. நிரலியல் சாஸ்திரத்தின் மூத்த ஆசிரியரான டொனால்டு குனுத், இட்டானியம் எதிர்பார்த்த அத்தகைய கம்பைலரை எழுதுவதே அசாத்தியம் என்று பிற்பாடு தெரிந்ததாக, 2008-இல் ஒரு பேட்டியில் குறிப்பிட்டார்.

எனினும், கம்பைலர் சரியாக அமைந்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதைக் கொன்றது வேறு. 2003-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம், இன்டெலின் பழைய செயலி வம்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் 64 பிட் மாடி ஒன்றைக் கட்டி ஆப்டெரான் என்று வெளியிட்டது. கீழ்த்தளத்தில் குடியிருந்த பழைய நிரல்களுக்கு வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் போகவில்லை. மாடிக்குப் போக விரும்பியவர்கள் சௌகரியப்பட்டபோது போனார்கள். இட்டானியத்திலும் பழைய நிரல்களை ஓட்ட ஏற்பாடு இருந்தது என்பது உண்மையே, ஆனால் அங்கே அவை நொண்டி நொண்டித்தான் நடந்தன. மறு வருஷமே, தான் பெற்ற பிள்ளை வீட்டில் இருக்க, அடுத்த வீட்டார் கட்டிய மாடியின் வரைபடத்தை வாங்கித் தன் செயலிகளிலும் அமைத்துக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் இன்டெலுக்கு உண்டாயிற்று. 2024 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.7 பதிப்பில் இட்டானியத்துக்கான பகுதியே நீக்கப்பட்டுவிட்டது.

அந்தப் பழைய வம்சத்துக்கு 1978-இல் மூலபுருஷனாக வந்த 8086, ஓர் இடைக்கால ஏற்பாடாகவே வரையப்பட்டது என்பது இந்தக் கதையின் ரசமான அம்சம். அப்போது இன்டெல் தன் கௌரவத்தையெல்லாம் வைத்திருந்தது 432 என்னும் பிரம்மாண்டமான வேறொரு திட்டத்தின்மேல். அது முடியும்வரை சந்தையில் இடம் பிடித்து வைத்திருப்பதற்காக அவசரமாகச் செய்ததே 8086. 1981-இல் அரங்கேறிய 432 சில வருஷங்களில் மறைந்துபோக, இடம் பிடிக்க வந்தவன் வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டான். இன்றைக்கும் அந்த வம்சத்துச் செயலியில் மின்சாரம் பாய்ந்தவுடன், அது சில கணங்கள் தன்னை அந்த 1978-ஆம் வருஷத்து 16 பிட் யந்திரமாகவே பாவித்துக்கொண்டு கண் விழிக்கிறது. இந்தப் பூர்வ ஜன்ம வாசனையை அகற்றிவிடலாம் என்று 2023-இல் இன்டெலே ஒரு திட்டத்தை வெளியிட்டுவிட்டு, மறு வருஷம் டிசம்பரில் அதைக் கைவிட்டது. வீட்டுக்காரரே தம் வாசற்படியைப் பெயர்க்க முடியவில்லை என்றால், வெளியிலிருந்து வருகிறவர்களின் சாமர்த்தியத்தைப் பற்றி என்ன சொல்வது!

ஆகவே புதியது ஒன்று வந்து நிற்கும்போது, அது எவ்வளவு உயர்ந்தது என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். என்னிடம் இருப்பதில் எதை விடச் சொல்கிறது, எதுவுமே இல்லாத இடம் ஏதேனும் அதற்கு இருக்கிறதா என்ற இரண்டையும் மட்டுமே விசாரிக்கிறேன். ஆப்பிள் நிறுவனம் 1994, 2006, 2020 ஆகிய மூன்று தடவைகளில் தன் கணினிகளின் செயலி வம்சத்தையே மாற்றியும் வாடிக்கைக்காரர்களை இழக்காமல் தப்பியதற்குக் காரணம், ஒவ்வொரு தடவையும் பழைய நிரலின் பாஷையைப் புதிய செயலிக்குச் சொல்லக்கூடிய கெட்டிக்காரத் துபாஷி ஒருவனை முன்னால் அனுப்பியதே. அந்தத் துபாஷி வேகமாகப் பேசினான். இட்டானியத்தின் துபாஷிக்கோ வாய் குழறிற்று.

வலையமைப்புகளின் விஷயத்திலும் இதே நியாயம் செல்லுபடியாகிறது. 1981-இல் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறையில் முகவரிக்கு 32 பிட்டுகள் ஒதுக்கப்பட்டன. அதாவது ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். சில பல்கலைக்கழகங்களும் ராணுவக் கூடங்களும் பேசிக்கொள்ளும் பரிசோதனைக்கு அது ஏராளம். கைக்கு ஒரு தொலைபேசி வைத்திருக்கும் உலகத்துக்கு அற்பம். இதை முன்கூட்டி உணர்ந்த அறிஞர்கள் 1995 டிசம்பரிலேயே 128 பிட் முகவரிகள் கொண்ட ஆறாம் பதிப்பை எழுதி முடித்துவிட்டார்கள். அவர்கள் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று: பழைய முகவரிக்காரன் புதிய முகவரிக்காரனோடு நேராகப் பேச வழி வைக்கவில்லை. ஊர் முழுவதும் ஒரே நாளில் வீடு மாறினால்தான் பயன் என்ற நிலையில் யார்தான் முதலில் மூட்டை கட்டுவார்கள்? அதற்குள் 1994-இல் பிறந்த ஒரு குறுக்கு வழி பரவிவிட்டது. திருவல்லிக்கேணியின் ஒண்டுக் குடித்தன வீடுகளில் ஒரே கதவு எண்ணுக்குள் பத்துக் குடும்பங்கள் வாழ்ந்ததைப் போல, ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல யந்திரங்களைக் குடிவைக்கும் உபாயம் அது. அழகில்லாதது என்று நிபுணர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் வாசலில் எவரையும் புதிதாக ஒன்றும் செய்யச் சொல்லவில்லை என்பதால் அது வென்றது. 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி பழைய முகவரிகளின் மத்தியக் கையிருப்பு முற்றும் தீர்ந்த பின்னரும் ஒண்டுக் குடித்தனங்கள்தாம் பெருகின.

புதிய முகவரிகள் செழித்த இடங்களுள் முதன்மையான ஒன்று நம் தேசம். நம்மவர்க்குத் திடீரென்று பிறந்த ஞானோதயம் இதற்குக் காரணமன்று. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியபோது அதனிடம் பழைய வலையமைப்பு ஒன்றும் இல்லை. கோடிக்கணக்கான தொலைபேசிகளுக்குப் போதுமான பழைய முகவரிகளும் கிடைப்பதற்கில்லை. ஆகையால் ஆறாம் பதிப்பிலேயே அஸ்திவாரம் போட்டார்கள். பின்னால் வந்தவர்க்குச் சில வேளை காலி மனை கிடைக்கிறது. இதற்கு நேர் எதிராக, ஏடிஎம் என்ற வலையமைப்பு முறை 1990-களில் உலகை ஆளப்போகிறது என்றார்கள். அதன் தகவல் துண்டு 32 எழுத்தா, 64 எழுத்தா என்று ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் வழக்காடி, முடிவில் இரண்டுக்கும் நடுவே 48 என்று பஞ்சாயத்துத் தீர்ந்தது என்பதைத் தவிர அதைப் பற்றி இன்று நினைவுகூர விசேஷமாக ஒன்றுமில்லை.

நம் வீட்டுக்குள்ளேயே நடந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்துக் குறியீட்டில் தமிழுக்குக் கிடைத்த 128 இடங்கள், 1988-இல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சாக வகுக்கப்பட்ட ஐஸ்கி என்ற குறியீட்டைப் பின்பற்றி அமைந்தவை. அதனால் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே, நம்மிடம் இல்லாத மூன்று எழுத்துக்களுக்கான காலி இடங்கள் கிடக்கின்றன. றகரமும் ளகரமும் ழகரமும் னகரமும் நம் நெடுங்கணக்கில் இல்லாத வரிசையில் நிற்கின்றன. தமிழ் இலக்கணத்தில் தனியெழுத்தாகிய மெய், அங்கே உயிர்மெய்யின்மேல் புள்ளியை ஏற்றிப் பெறும் இரட்டைக் குறியாக இருக்கிறது. இந்தக் குறைகளையெல்லாம் களைந்து, 247 எழுத்துக்களுக்கும் கிரந்த எழுத்துக்களுக்கும் தனித்தனி இடம் கொடுத்து, டேஸ் 16 என்ற குறியீட்டை நம் அறிஞர்கள் சிருஷ்டித்தார்கள். இலக்கண நியாயத்தில் அது பழுதற்றது என்பது என் துணிபு. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை நியமமாக ஏற்று, டேஸ் 16-ஐயும் மாற்று நியமமாக அங்கீகரித்தது. ஆனால் உலக வரைபடத்தில் அது அமர்ந்திருக்கும் இடம், அவரவர் சொந்த உபயோகத்துக்கென்று விடப்பட்ட புறம்போக்கு. அயலூர் யந்திரம் ஒன்றும் அந்த விலாசத்தை அறியாது. யூனிகோடோ, குறைகளோடு எல்லோர் தொலைபேசியிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. தொண்ணூறுகளில் வெவ்வேறு எழுத்துருக்களில் நான் தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகள் சில, அந்தந்த எழுத்துருவின் சொந்தக் குறியீடு வழக்கொழிந்துபோனதால், இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்த கண்ணுக்கு, குறையுள்ள பொதுவழியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இனி, இன்றைய புதியவர்களுள் எனக்கு மிகவும் பிடித்த ரிஸ்க்-ஃபைவைப் பற்றி. 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டே அசனோவிச், டேவிட் பேட்டர்சன் ஆகிய ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கர்களும் தொடங்கிய இந்தக் கட்டளைத் தொகுதியை, காணிக்கை எதுவும் கட்டாமல் எவரும் எடுத்துச் செயலி செய்யலாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் இதை ஆதாரமாகக் கொண்டே சக்தி என்ற செயலி வரிசையைப் படைத்தார்கள். 2018-இல் அதன் முதல் சில்லு இன்டெலின் அமெரிக்கத் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது என்பது ஒரு வேடிக்கை. அதே வருஷம் சண்டீகரை அடுத்த நம் அரசாங்கத்தின் சில்லுக் கூடத்திலும் ஒன்று உருவாயிற்று. அந்தக் கூடத்தின் 180 நானோமீட்டர் நுட்பம் உலகின் முன்னணியாருக்குப் பல தலைமுறைகள் பின்தங்கியது. என்றாலும் எல்லாக் காரியங்களுக்கும் மயிரிழையைப் பிளக்கிற நுட்பம் தேவைப்படுவதில்லை.

இந்த ரிஸ்க்-ஃபைவ், நம் மேஜைமேல் இருக்கும் கணினியிலிருந்து பழைய வம்சத்தை இறக்கிவிடும் என்று சொல்வாரோடு நான் உடன்படவில்லை. அங்கே நாற்பது வருஷத்து நிரல்கள் குடியிருக்கின்றன. ஆனால் உள்ளே செயலி இருப்பதையே எவரும் அறியாத இடங்கள், அதாவது மின்சார மீட்டர், தகவல் வட்டின் கட்டுப்பாட்டுப் பகுதி, என்விடியாவின் வரைகலைச் சில்லுக்குள் பணிவிடை செய்யும் சிறு செயலிகள் ஆகிய காலி மனைகளில் அது ஓசையின்றிக் குடியேறி வருகிறது. நிலைக்கப்போவதும் அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். அவரவர் இஷ்டப்படி கட்டளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சுதந்தரத்தால் ஒரே குலம் நூறு கிளைகளாகச் சிதறிவிடக் கூடும் என்ற அச்சம் எழுந்து, 2024 அக்டோபரில், ஒரு கிளைக்கு எழுதிய நிரல் இன்னொன்றிலும் ஓடும்படி ஆர்விஏ 23 என்ற பொது ஒப்பந்தத்தை அவர்களே நிலைநாட்டிக்கொண்டார்கள். பதினான்கே வயதில் அதுவும் தனக்கொரு வாசற்படியைக் கட்டத் தொடங்கிவிட்டது.

2025-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து சக்தி வம்சத்தில் ஐரிஸ் என்னும் சில்லை உருவாக்கி, சென்னையிலேயே அதற்கு உயிரூட்டிப் பார்த்தார்கள். அது போகப்போவது விண்கலங்களுக்குள். அங்கே போய், தம் கடையின் பழைய கணக்கு நிரல் இதில் ஓடுமா என்று எவரும் கேட்கமாட்டார்.