அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள்: ஐரோப்பியக் கோடைப் பள்ளிகளில் ஒரு பாடம்

அண்டை நாடுகள் சில ஒன்றுகூடி, தங்கள் அதிகாரத்தில் ஒரு பங்கைப் பொது அமைப்பு ஒன்றிடம் ஒப்படைப்பதை அரசியல் அறிவியல் ‘வட்டார ஒருங்கிணைப்பு’ என்கிறது. சுங்க வரியைக் குறைத்துக்கொள்வது அதன் முதல் படி மட்டுமே. உறுப்பு நாடு விரும்பாதபோதும் கட்டுப்பட வேண்டிய பொதுச் சட்டமும், அதற்குப் பொருள் சொல்லும் பொது நீதிமன்றமும் வந்த பிறகுதான் அது அரசியல் ஒருங்கிணைப்பு ஆகிறது. இந்தப் பாதையில் வெகுதூரம் போயிருப்பது 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியம். அதனால்தான் இதைக் கற்க விரும்பும் பல நாட்டு மாணவர்கள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்குள்ள பல்கலைக்கழகங்கள் நடத்தும் கோடைப் பள்ளிகளைத் தேடிப் போகிறார்கள்.

இந்தப் பள்ளிகளின் வழக்கம் பழையது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேசச் சட்டக் கழகம் தன் கோடைகால வகுப்புகளை 1923இல் தொடங்கியது. ஆஸ்திரியாவின் அல்ப்பாக் என்ற மலைக் கிராமத்தில், ஐரோப்பாவில் போர் ஓய்ந்து நான்கு மாதம்கூட ஆகாத 1945 ஆகஸ்டில், மாணவர்களும் அறிஞர்களும் கூடிப் பேசிய வகுப்புகள் நடந்தன. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரை ஒட்டிய ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தில் 1990 முதல் ஐரோப்பியச் சட்டத்துக்கென்றே ஒரு கோடைப் படிப்பு நடக்கிறது. இன்றைய படிப்புகள் பெரும்பாலும் ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை நீளும். காலையில் விரிவுரை, பிற்பகலில் கலந்துரையாடல், இடையில் ஒன்றிரண்டு பயணங்கள் என்பது பொதுவான அமைப்பு.

வகுப்பு வழக்கமாக 1950 மே 9ஆம் தேதியில் தொடங்கும். பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன், பிரெஞ்சு, ஜெர்மன் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அமைப்பின் கீழ் வைக்கலாம் என்று அன்றுதான் அறிவித்தார். திட்டத்தின் மூளை ழான் மொனே. ஆயுதம் செய்யத் தேவையான பொருள் பொதுவுடைமை போல ஆகிவிட்டால், ஒரு நாடு மற்றதன் மேல் ரகசியமாகப் போருக்குத் தயாராக முடியாது என்பது கணக்கு. 1951இல் ஆறு நாடுகள் பாரிஸில் கையெழுத்திட்டன. 1957இல் ரோம் ஒப்பந்தம், 1992இல் மாஸ்ட்ரிக்ட், 2007இல் லிஸ்பன் என்று அது வளர்ந்தது.

ஏன் வளர்ந்தது என்பதில்தான் அறிஞர்கள் மோதுகிறார்கள். ஒரு துறையில் இணைந்த நாடுகள் அதன் பலனை முழுதாகப் பெற அடுத்த துறையிலும் இணைந்தே ஆக வேண்டும் என்று எர்ன்ஸ்ட் ஹாஸ் 1958இல் எழுதினார். ஏழு ஆண்டுகளில் அதற்குச் சோதனை வந்தது. பிரெஞ்சு அதிபர் டி கால், பெரும்பான்மை வாக்கெடுப்பை ஏற்க மறுத்து, 1965இல் தன் அமைச்சர்களைக் கூட்டங்களுக்கே அனுப்பவில்லை. அரசுகள் அவ்வளவு எளிதில் கரைந்துவிடாது என்று ஸ்டான்லி ஹாஃப்மன் வாதிட்டது அதன் பின்னணியில்தான். நாடுகள் தங்கள் பொருளாதார நலனைக் கணக்கிட்டுப் பேரம் பேசியதன் விளைவே ஒன்றியம் என்று ஆண்ட்ரூ மொராவ்சிக் 1998இல் விளக்கினார். 2005இல் பிரான்சிலும் நெதர்லாந்திலும் ஐரோப்பிய அரசமைப்புச் சாசனத்தை வாக்காளர்கள் நிராகரித்தார்கள்; 2016இல் பிரிட்டன் மக்கள் வெளியேற வாக்களித்தார்கள். மக்களின் அடையாள உணர்வை ஒதுக்கிவிட்டு எந்தக் கோட்பாடும் நிற்காது என்பது அதன் பிறகு தெளிவாயிற்று.

சட்டப் பாடத்தில் தவறாமல் இடம்பெறுவது ஒரு மின் கட்டண வழக்கு. மிலான் நகர வழக்கறிஞர் ஃப்ளாமினியோ கோஸ்டா ஒரு தனியார் மின் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தார். இத்தாலி அரசு 1962இல் மின்துறையை நாட்டுடைமையாக்கி ‘எனெல்’ நிறுவனத்தை உருவாக்கியது. அது ரோம் ஒப்பந்தத்துக்கு முரண் என்று சொல்லி, கோஸ்டா 1,925 லிரா கட்டணத்தைக் கட்ட மறுத்தார். மிகச் சிறிய தொகை அது. வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. உறுப்பு நாடு இயற்றும் சட்டம் பொதுச் சட்டத்தோடு மோதினால் பொதுச் சட்டமே மேலோங்கும் என்று 1964 ஜூலை 15 அன்று நீதிபதிகள் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் முரண்பட்டால் எது நிற்கும் என்பதை அரசமைப்பின் 254ஆம் பிரிவிலேயே எழுதிவைத்திருக்கும் இந்தியாவிலிருந்து போகும் மாணவருக்கு, இந்தத் தீர்ப்பு எவ்வளவு துணிச்சலானது என்பது சட்டென்று பிடிபடும்.

விரிவுரைகளை ஊரில் இருந்தபடியே புத்தகத்தில் படித்துவிடலாம். கோடைப் பள்ளியில் மட்டுமே கிடைப்பது மாதிரி அமைச்சர் மன்றம். பல நாட்டு மாணவர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஏதோ ஓர் உறுப்பு நாட்டின் அமைச்சராக வாதிட வேண்டும். எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று சில பக்கக் குறிப்பு கையில் தரப்படும். அகதிகளைப் பகிர்ந்துகொள்வது, கரிம உமிழ்வைக் குறைப்பது போல ஒரு பொருள் விவாதத்துக்கு வரும்.

பேச்சு சூடுபிடித்ததும் எல்லோரும் கணக்குப் போடத் தொடங்குவார்கள். பெரும்பாலான முடிவுகளுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: நாடுகளில் 55 சதவீதம், அதாவது 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும், அந்த நாடுகளில் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றும் சேர்ந்தால் மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த மூன்று மட்டும் கைகோத்து ஒரு முடிவைத் தடுக்க முடியாது. தடுக்க நான்கு நாடுகளாவது வேண்டும். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத மால்டாவின் அமைச்சராக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவியைத் தேடி, இடைவேளையில் மூன்று பெரிய நாடுகளின் அமைச்சர்களும் வருவது இப்படித்தான். சிறிய நாடுகள் ஏன் இந்த ஒன்றியத்தை விரும்புகின்றன என்பதை இதைவிட நன்றாக எந்தப் பாடநூலும் சொல்லிவிடாது.

இன்னொரு நுணுக்கமும் அங்கேதான் புரியும். இந்தப் பெரும்பான்மை வாக்கெடுப்பில் ஒதுங்கி நிற்பது எதிர்ப்புக்குச் சமம். ஆதரவுக் கணக்கில் அது சேராது. வரி, வெளியுறவு, புதிய உறுப்பினர் சேர்க்கை போன்ற பொருள்களில் எல்லோரும் ஒத்துக்கொண்டாக வேண்டும். அங்கே ஒதுங்கி நிற்பது முடிவைத் தடுக்காது. 2023 டிசம்பர் 14 அன்று, உக்ரைனை ஒன்றியத்தில் சேர்க்கும் பேச்சைத் தொடங்கலாமா என்ற கேள்வி தலைவர்களின் உச்சி மாநாட்டுக்கு வந்தது. அதை எதிர்த்துவந்த ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஒர்பான் அந்த நேரத்தில் அறையை விட்டு வெளியே போனார்; மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். எதிர்ப்பையும் காட்டலாம், கதவையும் அடைக்காமல் விடலாம் என்ற இந்த வழியை, மாதிரி மன்றத்தில் திணறிய மாணவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

பயணங்களில் பிரஸ்ஸல்ஸ் பெரும்பாலும் இருக்கும். ஆனால் ஸ்ட்ராஸ்பர்க் கற்றுத்தருவது அதிகம். 1871க்கும் 1945க்கும் இடையே பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் மாறி மாறிக் கைமாறிய நகரம் அது. இன்று 720 உறுப்பினர்கள் கொண்ட ஐரோப்பிய நாடாளுமன்றம் அங்கே கூடுகிறது. நகரின் டிராம் வண்டி 2017 முதல் ரைன் நதிப் பாலத்தைக் கடந்து ஜெர்மனியின் கேல் ஊருக்குப் போகிறது. கடைக்குப் போகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் நாட்டின் எல்லையைக் கவனிக்காமலே தாண்டுகிறார்கள்.

ஐரோப்பாவையே அளவுகோலாக வைத்துக்கொள்வது இந்தப் பள்ளிகள் பலவற்றின் குறை. நல்ல படிப்பு மற்ற வட்டாரங்களையும் அவற்றின் போக்கில் படிக்க வைக்கும். 1967இல் பாங்காக்கில் தொடங்கிய ஆசியான், வாக்கெடுப்பைத் தவிர்த்துக் கலந்துபேசி ஒத்துப்போவதையே வழியாகக் கொண்டது. கென்யா, உகாண்டா, தான்சானியா சேர்ந்து அதே ஆண்டில் அமைத்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம், பலன் கென்யாவுக்கே போகிறது என்ற குறையாலும், இடி அமீன் ஆட்சியோடு தான்சானியாவுக்கு இருந்த பகையாலும் 1977இல் கலைந்தது. 1999இல் புதிய ஒப்பந்தத்தோடு மறுபடி எழுந்தது.

தெற்காசியாவின் சார்க் 1985இல் டாக்காவில் பிறந்தது. எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும், இரு நாடுகளுக்கு இடையிலான பிரச்சினைகளை எழுப்பக் கூடாது என்பது அதன் சாசனம். 2014இல் காத்மாண்டுவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு தலைவர்கள் கூடவே இல்லை. பாக் நீரிணையில் ராமேசுவரம் மீனவர்களுக்கும் யாழ்ப்பாண மீனவர்களுக்கும் இடையே நீளும் சிக்கல், இந்தியா - இலங்கை விவகாரம் என்பதாலேயே அந்த மேசைக்கு வர வழியில்லை. ஐரோப்பாவிலோ மீன்வளத் துறை அமைச்சர்கள் ஒவ்வொரு டிசம்பரும் பிரஸ்ஸல்ஸில் கூடி, எந்தக் கடலில் எந்த மீனை எந்த நாடு எவ்வளவு பிடிக்கலாம் என்று விடிய விடியச் சண்டையிட்டு அளவை நிர்ணயிக்கிறார்கள். அந்த ஏற்பாட்டிலும் மீனவர்களுக்குக் கடும் குறைகள் உண்டு. இருந்தாலும் சண்டை போட ஒரு மேசை இருக்கிறது.

சேர விரும்புவோர் பாடத்திட்டத்தில் மாதிரி மன்றத்துக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்பது நல்லது. பல படிப்புகள் ஐரோப்பியக் கிரெடிட் முறையில் மதிப்பெண் தருகின்றன. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதைத் தாய்ப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுவைக்க வேண்டும். கட்டணம் போகத் தங்குமிடம், விமானம், விசா என்று செலவு ஏறும் என்பதால், உதவித்தொகைக்கான கடைசித் தேதி படிப்புக்கான தேதிக்கு முன்பே முடிந்துவிடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.