சபையின் நாடி – 9: மூக்குப்பொடி டப்பாவில் பன்னிரண்டரைக் கினி

போன வாரம் இங்கிலாந்தின் ஆபிங்டனில் விட்டோம். 1652-ல் அந்தப் பக்கத்து பாப்டிஸ்ட் சபைகள், ஒரு சபைக்குள் விசுவாசிக்கு விசுவாசி எப்படியோ அப்படியே சபைக்குச் சபை என்று முடிவு கட்டிய கதை. அதற்கு மேல் நினைவூட்ட இடமில்லை. பழைய இதழ் வீட்டில்தானே கிடக்கும்.

இந்த வாரம் ஜெர்மனிக்காரர் கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸும் சபையின் ஆரோக்கியத்தை அளக்க அவர் சொன்ன எட்டு அளவுகோல்களும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் குறுக்கே வந்து நின்றுகொண்டது.

1764-ல் அந்த வட்டாரத்து பாப்டிஸ்ட் சபைகள் சில சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. இவர்களுக்கு பிஷப் கிடையாது. சங்கம் புத்தி சொல்லலாம், உத்தரவு போட முடியாது. ஆகவே கையிலிருந்த கருவி கடிதம்தான். ஆண்டுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு சபையும் தன் நிலையை எழுதி அனுப்பும். ஞானஸ்நானம் பெற்றவர் எத்தனை, வேறு சபையிலிருந்து வந்தவர் எத்தனை, இறந்தவர் எத்தனை, ஒழுக்கக் குறைவுக்காக நீக்கப்பட்டவர் எத்தனை. அதை மற்ற சபையார் முன்னிலையில் வாசிப்பார்கள். பிறகு சங்கம் ஒரு சுற்றுக்கடிதம் அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்பும். நம் சபைகளின் ஆண்டறிக்கையில் நீக்கப்பட்டவர் கணக்கை நான் பார்த்ததில்லை. கட்டட நிதிக் கணக்கு மட்டும் பக்கம் பக்கமாக வரும்.

சபைக்குள் தீராத சிக்கலை வெளியார் முன் வைக்கும் பழக்கமும் அன்று இருந்தது. சோஹம் சபைப் போதகர் ஆண்ட்ரூ ஃபுல்லரை கெட்டரிங் சபை அழைத்தது. சோஹம் சம்பளத்தில் குடும்பம் நடக்கவில்லை. ஆனால் விட்டுப் போகவும் அவருக்கு மனமில்லை. நெடுநாள் தவித்தார். விவகாரம் கேம்பிரிட்ஜ் போதகர் ராபர்ட் ராபின்சனிடம் மத்தியஸ்தத்துக்குப் போனது. இன்னும் ஓராண்டு சோஹமிலேயே இரும் என்றார் அவர். 1782-ல்தான் ஃபுல்லர் கெட்டரிங் வந்து சேர்ந்தார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1784-ல், நாட்டிங்ஹாமில் சங்கம் கூடியது. சபைகள் சோர்ந்து கிடந்த காலம். ஓல்னி ஊர்ப் போதகர் ஜான் சட்கிளிஃப் ஒரு யோசனை வைத்தார்: மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை மாலை எல்லாச் சபைகளும் அவரவர் ஊரில் கூடி எழுப்புதலுக்காக ஜெபிக்க வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாமல் தனியாக இருப்பவர்கூட அதே நேரத்தில் வீட்டில் முழங்கால் போடலாம். எழுப்புதல் தங்கள் சபைக்கு மட்டுமல்ல, மற்ற சபைப் பிரிவுகளுக்கும் வேண்டும் என்று கேட்கச் சொன்னார்கள். இதற்குத் தூண்டுதலான புத்தகத்தை எழுதிய ஜோனதன் எட்வர்ட்ஸ் பாப்டிஸ்ட் அல்லர். அதை எடின்பரோவிலிருந்து அனுப்பிவைத்த ஜான் எர்ஸ்கினும் அல்லர். தன் சபை நோயாளியாக இருக்கும்போது பக்கத்துச் சபைக்கு ஜெபிக்கச் சொன்ன அந்த வைத்தியம்தான் இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது.

எட்டு ஆண்டு இப்படியே திங்கட்கிழமைகள் போயின. 1792 அக்டோபர் 2, கெட்டரிங். விதவை வாலிஸ் அம்மாள் வீட்டில் அந்தப் போதகர்களும் நண்பர்களும் சிலர் கூடி மிஷனரி சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பா கைமாறியது. தொகை எழுதிய சீட்டுகள் அதில் விழுந்தன என்பார்கள். கூட்டினால் 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ்.

இந்தத் தொகையை எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். அதென்ன பதின்மூன்று, இரண்டு, ஆறு? இந்த வாரம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று நன்கொடை என்றால் கினியில்தான் எழுதுவது மரியாதை. ஒரு கினி 21 ஷில்லிங். பன்னிரண்டரைக் கினிக்கு 262½ ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்று வகுத்தால் 13 பவுண்டு போக மீதி இரண்டரை ஷில்லிங், அதாவது 2 ஷில்லிங் 6 பென்ஸ். அத்தனை பேரும் ஒழுங்காகக் கினியிலும் அரைக் கினியிலும் எழுதியிருக்கிறார்கள்! அன்றிரவு இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், யாரும் மசியவில்லை.

அரைக் கினி எழுதியவர்களில் ஒருவர் பெயர் போடவில்லை. அவர் பிரிஸ்டலில் படித்துக்கொண்டிருந்த வில்லியம் ஸ்டாட்டன். கையில் காசில்லாமல் கடன் வாங்கிக் கொடுத்தாராம். பின்னாளில் அமெரிக்கா போய், வாஷிங்டனில் 1821-ல் தொடங்கிய கொலம்பியன் கல்லூரியின் முதல் தலைவரானார். இன்றைய ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அதுதான்.

செருப்புத் தைத்துப் பிழைத்துப் போதகரான வில்லியம் கேரி பணம் எழுதவில்லை. அந்த ஆண்டு வெளியிட்ட தன் நூலில் வரும் லாபத்தைத் தருவதாகச் சொன்னார். நாடு வாரியாக மக்கள்தொகையும் மதமும் பட்டியல் பட்டியலாக அடுக்கிய நூல் அது. சங்கக் கூட்டங்களில் சபைக் கணக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்தான் உலகத்துக்கே அப்படியொரு கணக்கு எழுதினார் என்பது என் ஊகம். மறு ஆண்டு நவம்பரில் அவர் மிஷனரியாகக் கல்கத்தாவில் இறங்கினார்.

அன்றைய கூட்டத்தில் இருந்த பர்மிங்ஹாம் போதகர் சாமுவேல் பியர்ஸ் அந்த வட்டாரச் சங்கத்துக்காரரே அல்லர். ஆனாலும் ஊர் திரும்பித் தன் சபையில் விஷயத்தைச் சொல்லி, அடுத்த கூட்டத்துக்கு 70 பவுண்டோடு வந்துவிட்டார்! பர்மிங்ஹாமில் உதவிச் சங்கம் ஒன்றையும் தொடங்கிவைத்திருந்தார். அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் தொடங்கினார்கள்.

ஷ்வார்ட்ஸுக்கு இடமில்லாமல் போய்விட்டது. 32 நாடுகளில் 1000 சபைகளை அளந்தவர், ஒரு வாரம் பொறுக்கமாட்டாரா? அடுத்த இதழில் அவரும் அவர் காட்டும் ஓட்டைப் பீப்பாயும்.