மிச்சப் பாகங்களில் ஒரு பந்தய வண்டி

பந்தய மோட்டார் வண்டி என்றதும் வளைந்து நெளிந்து செல்லும் பாதைதான் நம் மனக்கண்ணில் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் வளர்ந்த ‘டிராக்’ பந்தயத்தில் வளைவே கிடையாது. நேரான பாதை, இரண்டே வண்டிகள், கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரம். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, எல்லைக் கோட்டை முதலில் கடப்பவருக்கே வெற்றி. சில விநாடிகளில் பந்தயம் முடிந்துவிடும்.

1950, 1960ஆம் ஆண்டுகளில் இப்பந்தயத்தில் ஓடிய வண்டிகளின் உருவம் விந்தையானது. முன் சக்கரங்கள் மிதிவண்டிச் சக்கரம்போல் மெலிந்திருக்கும். பின் சக்கரங்கள் உருளைபோல் பருத்திருக்கும். ஓட்டுநரோ பின் அச்சுக்கும் பின்னால் அமர்ந்திருப்பார்! இந்தப் பழைய வண்டிகளை 25இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக்கில் செய்வது பலருக்கு இனிய பொழுதுபோக்கு. அதிலும், முன்பு செய்த கிட்டுகளில் மிஞ்சிய பாகங்களைக் கொண்டே ஒரு புது வண்டியை உருவாக்குவது தனிக்கலை. இதற்குச் செய்முறைத் தாள் கிடையாது. எந்தப் பாகத்தை எங்கே பொருத்துவது? இந்தக் கேள்விக்கு விடை சொல்வது இயற்பியல்தான்.

மிச்சம் எங்கிருந்து வந்தது?

ஏ.எம்.டி. என்ற அமெரிக்க நிறுவனம் 1958 முதல் ‘ஒன்றில் மூன்று’ என்னும் முறையில் கார் கிட்டுகளை விற்றது. ஒரே பெட்டியிலுள்ள பாகங்களைக் கொண்டு, கடையில் விற்கும் கார், அலங்காரக் கார், பந்தயக் கார் ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்துகொள்ளலாம். ஒன்றைச் செய்து முடித்தால் மற்ற இரண்டுக்கும் உரிய பாகங்கள் மிஞ்சும் அல்லவா? இவ்வாறு சேர்ந்தவையே மிச்சப் பெட்டிகள்.

உண்மையான பந்தய வண்டிகளும் பெரும்பாலும் இப்படித்தான் பிறந்தன. பழைய இரும்புக் கடையில் கிடந்த ஃபோர்டு கார்களின் சட்டமும் அச்சும் அவற்றுக்கு உதவின. 1957, 1958ஆம் ஆண்டுகளில் கிரைஸ்லர் பயணக் கார்களில் வந்த 392 கன அங்குல ‘ஹெமி’ எஞ்சின் பந்தயக்காரர்களுக்குப் பிடித்தமானது. அதன் தலைமேல் அமர்ந்த காற்றூதி, ஜி.எம்.சி. ‘6-71’ என்ற டீசல் எஞ்சினுக்காக அமைந்தது. இரு வீச்சு டீசல் எஞ்சினின் உருளைகளில் உள்ள புகையை வெளியேற்றிப் புதுக்காற்றை நிரப்பியது இக்கருவி. பந்தயக்காரர்கள் அதைப் பெட்ரோல் எஞ்சின்மேல் ஏற்றி, அதிகக் காற்றையும் அதனால் அதிக எரிபொருளையும் உள்ளே திணித்தார்கள். ஆகவே மிச்சத்தில் செய்யும் மாதிரி, மூல வண்டி பிறந்த முறைக்கே நெருக்கமானது.

சக்கரம் தரும் எல்லை

எஞ்சின் எவ்வளவு வலியதாயினும், வண்டியை முன்னே தள்ளுவது சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு விசையே. இவ்விசைக்கு ஓர் எல்லை உண்டு. உராய்வுக் குணகத்தை, சக்கரத்தின்மீது அழுந்தும் எடையால் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். அதை மீறினால் சக்கரம் வெறுமனே சுழலும்.

உராய்வுக் குணகம் 1 என்று கொள்வோம். வண்டியின் எடை முழுவதும் பின் சக்கரங்கள்மேல் இருந்தால், பெறக்கூடிய மிக அதிக முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம். அதாவது விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர். இந்த முடுக்கத்தில் 402 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 9 விநாடி ஆகும். இறுதி வேகம் மணிக்கு 320 கிலோமீட்டர். பின் சக்கரங்கள்மேல் பாதி எடையே இருந்தால் முடுக்கமும் பாதியாகும், நேரம் 12.8 விநாடியாக நீளும். எனவேதான், எடையை எப்படிப் பின்னால் கொண்டு செல்வது என்பதே பந்தயக்காரர்களின் ஓயாத கவலையாயிற்று.

1964 ஆகஸ்டில் நியூஜெர்சியில் டான் கார்லிட்ஸ் மணிக்கு 201 மைல் வேகத்தை எட்டினார். அந்த ஓட்டத்தை 8 விநாடிக்குள் முடித்தார். நம் கணக்கின் 9 விநாடியை அவர் எப்படி வென்றார்? மென்மையான ரப்பர், தரையின் நுண்ணிய பள்ளங்களில் புகுந்து பற்றிக்கொள்கிறது. அதனால் உராய்வுக் குணகம் 1ஐத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் பந்தய டயர் அகலமாகவும், வரிப்பள்ளம் இல்லாமல் வழவழப்பாகவும் இருக்கிறது. மிச்சப் பெட்டியில் வரிப்பள்ளமுள்ள டயர்தான் இருக்கிறதா? உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

எடை பின்னே நகர்கிறது

பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வதைக் கண்டிருப்பீர்கள். வண்டியிலும் இதுபோன்றே நிகழ்கிறது. முன் சக்கரங்களின் சுமை குறைந்து பின் சக்கரங்களின் சுமை கூடுகிறது. இவ்வாறு நகரும் சுமையைக் காண, வண்டியின் நிறை, முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, இரு அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

‘கேஸர்’ என்ற வகையை எடுத்துக்கொள்வோம். 1941ஆம் ஆண்டு வில்லிஸ் கார் இவ்வகையில் புகழ்பெற்றது. கணக்குக்காக எடை 1,000 கிலோகிராம், ஈர்ப்பு மைய உயரம் 75 சென்டிமீட்டர், அச்சுகளின் இடைவெளி 2.5 மீட்டர் என்க. புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் 300 கிலோகிராம் எடை பின்னே நகரும். உயரம் கூடினால் நகரும் எடையும் கூடும். கேஸர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பது அழகுக்காக அன்று என்பது இப்போது விளங்கும்.

உண்டிவில்லில் அமர்ந்தவர்

நீண்டு தாழ்ந்த வண்டியின் கதை வேறு. எடை 600 கிலோகிராம், உயரம் 40 சென்டிமீட்டர், இடைவெளி 4 மீட்டர் என்று வைத்தால் 60 கிலோகிராம்தான் நகரும். ஆகவே, எடையைத் தொடக்கத்திலேயே பின்னால் வைத்துவிட வேண்டும். எஞ்சின் பின் அச்சை நெருங்கியது. ஓட்டுநர் அச்சுக்குப் பின்னால் சென்றார். உண்டிவில்லில் கல் இருக்கும் இடத்தில் அவர் இருப்பதால் இவ்வகைக்கு ‘ஸ்லிங்ஷாட்’, அதாவது உண்டிவில் என்று பெயர்.

எடை பின்னால் குவிந்தால் முன்பக்கம் மேலே எழும்பி வண்டி கவிழாதா? இதைத் தடுப்பதற்கே நீண்ட சட்டம். நெம்புகோலின் கை நீண்டால் சிறு எடைக்கும் பெரிய திருப்புத்திறன் கிடைக்கும் என்பது நீங்கள் பள்ளியில் படித்ததுதானே?

இந்த அமைப்புக்கு ஒரு கொடிய விலை இருந்தது. சுழலும் கனமான பாகங்கள் ஓட்டுநரின் கால்களுக்கு நடுவிலும் அருகிலும் இருந்தன. 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் தளத்தில் கார்லிட்ஸின் வண்டியில் பற்சக்கரப் பெட்டி வெடித்தது. வண்டி இரு துண்டானது. அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மீண்டு வந்த அவர், எஞ்சினைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்து வண்டி அமைத்து 1971இல் வெற்றி கண்டார். சில ஆண்டுகளில் உண்டிவில் வண்டிகள் முதல்தரப் பந்தயங்களிலிருந்து மறைந்தன. அந்த உருவத்தை நாம் மாதிரியில் செய்யும்போது, துணிவையும் ஆபத்தையும் சேர்த்தே செய்கிறோம்.

மேசைமேல் வேலை

முதலில் அளவு. 25ஆல் வகுத்துக்கொண்டே இருங்கள். 76 சென்டிமீட்டர் விட்டமுள்ள பின் டயர் 3 சென்டிமீட்டராகும். 38 மில்லிமீட்டர் சட்டக் குழாய்க்கு 1.5 மில்லிமீட்டர் கம்பி போதும். பெட்டியில் 24இல் ஒரு பங்கு அளவுள்ள எஞ்சின் கிடந்தாலும் பயன்படுத்தலாம். வேறுபாடு 4 சதவீதமே. 32இல் ஒரு பங்கு என்றால் கண் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சினின் மின்கம்பி உண்மையில் 8 மில்லிமீட்டர், மாதிரியில் 0.3 மில்லிமீட்டர். இதற்குப் பாகங்களைத் தாங்கிவந்த பிளாஸ்டிக் குச்சியே உதவும். பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இளகும். குச்சியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடரில் படாமல் பிடித்து, இளகியதும் வெளியே எடுத்து மெல்ல இழுத்தால் நூல் கிடைக்கும்.

பிளாஸ்டிக் பசை, சாதாரணப் பசைபோல் இடையில் நின்று ஒட்டுவதன்று. இரு பரப்புகளையும் கரைத்து, நீண்ட மூலக்கூறுகளைப் பின்னிப் பிணையச் செய்கிறது. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒன்றாகின்றன. ஆனால் வெள்ளிபோல் மின்னும் பாகங்களில் இது பலிக்காது. அவற்றின்மேல் அலுமினியப் படலம் இருக்கிறது. ஒட்டும் இடத்தில் மட்டும் கத்தியால் சுரண்டிவிடுங்கள். பசையையும் சுடரையும் ஒருபோதும் அருகருகே வைக்காதீர்கள். சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

இறுதியாக ஒரு சோதனை. ஒவ்வொரு நீளமும் 25இல் ஒரு பங்கானால், பருமன் 15,625இல் ஒரு பங்காகும். 600 கிலோகிராம் வண்டி அதே பொருள்களால் ஆனால் 38 கிராம்தான் இருக்கும். பிளாஸ்டிக் எஞ்சினோ உள்ளே வெற்றிடம். அதனுள் சிறிது ஈயத் துண்டை வைத்து, வண்டியை ஓர் உருண்டைப் பென்சிலின் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். சமநிலை பெறும் இடம் பின் அச்சை நெருங்கியிருந்தால், உங்கள் மாதிரி உருவத்தில் மட்டுமன்றி இயற்பியலிலும் உண்டிவில் வண்டியே.

மிச்சப் பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பாகத்தையும் ஒட்டுமுன், “நீ ஏன் இங்கே?” என்று கேளுங்கள். பதில் கிடைத்தபின் பசையைத் திறங்கள்.