‘நல்லா இருக்கியா?’: புயலுக்குப் பிறகு போன் வேலை செய்யாவிட்டால் நண்பரைத் தேடுவது எப்படி? சைக்கிளிங் குரூப்கள் தரும் பாடம்

மெசேஜ் அனுப்பியாச்சு. ஒரே ஒரு டிக். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அதே ஒற்றை டிக். சாதாரண நாளாக இருந்தால் ‘சார்ஜ் தீர்ந்திருக்கும்’ என்று விட்டுவிடலாம். ஆனால், முந்தைய இரவு நண்பர் இருக்கும் ஊரைப் புயல் புரட்டிப் போட்டிருந்தால்?

2024 செப்டம்பர் 27. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஆஷ்வில் நகரத்தையும் அதைச் சுற்றிய மலைக் கிராமங்களையும் தொடர்புகொள்ள முயன்ற பலருக்கும் கிடைத்தது இந்த மௌனம்தான். போன் இல்லை, கரன்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, பல இடங்களில் ரோடும் இல்லை. அப்போது கேள்வி மிக எளிமையானது: என் நண்பர் உயிரோடு இருக்கிறாரா? அதற்கு விடை தெரிய ஒரே வழி, யாராவது நேரில் போய்ப் பார்ப்பதுதான்.

அப்படி நேரில் போனவர்களில் சைக்கிள் ஓட்டிகளும் இருந்தார்கள். அது ஏன், எப்படி, அதில் நமக்கு என்ன இருக்கிறது? பார்க்கலாம்.

கடலே இல்லாத ஊரில் புயலா?

‘ஹெலீன்’ புயல் 2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவின் பெர்ரி நகரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. நான்காம் வகைப் புயல். காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 225 கி.மீ. அங்கிருந்து ஆஷ்வில் சுமார் 600 கி.மீ. வடக்கே, மலைக்கு நடுவே இருக்கிறது. ‘இவ்ளோ தூரம் வந்து என்ன பண்ணிடப் போகுது’ என்று யாராவது நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால், புயல் வருவதற்கு முன்பே அங்கே கனமழை கொட்டி, மண் ஊறிப்போயிருந்தது. அதன் மேல் புயலின் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏற, மீண்டும் மழை. புசிக் என்ற இடத்தில் மொத்தம் சுமார் 780 மி.மீ. மழை பதிவானது. ஆஷ்வில்லில் ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 24.67 அடிக்கு உயர்ந்து, 1916 வெள்ளத்தின் சாதனையை முறியடித்தது. 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் நிலம் சரிந்ததாக அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் பதிவு செய்தது. வட கரோலினாவில் மட்டும் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இந்தப் பகுதி அமெரிக்காவின் புகழ்பெற்ற சைக்கிள் பூமிகளில் ஒன்று. பிஸ்கா தேசிய வனத்தின் மலைப்பாதைகள், 755 கி.மீ. நீளமுள்ள புளூ ரிட்ஜ் பார்க்வே என மவுண்டன் பைக்கர்களும் ரோடு பைக்கர்களும் தேடி வரும் இடம். சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் இண்டஸ்ட்ரி நைன், கேன் கிரீக் போன்ற நிறுவனங்களும் இங்கேதான் இருக்கின்றன. வாராவாரம் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் நண்பர் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். புயலுக்குப் பிறகு பார்க்வே முழுவதுமாக மூடப்பட்டது. வனப்பாதைகளும் மூடப்பட்டன.

ஒரே நேரத்தில் எல்லா போனும் எப்படிச் செத்துப்போகும்?

போன் டவர் தனியாக இயங்குவதில்லை. அதற்கு மின்சாரம் வேண்டும். டவரை மற்ற நெட்வொர்க்குடன் இணைக்கும் ஃபைபர் கேபிளும் வேண்டும். மின்சாரம் போனால் பேட்டரியும் ஜெனரேட்டரும் சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் கொண்டுபோக ரோடு வேண்டும். மலைப்பகுதியில் ரோடு, கேபிள், ஆறு மூன்றும் பெரும்பாலும் ஒரே பள்ளத்தாக்கில்தான் போகும். ஆறு பொங்கினால் மற்ற இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

அதுதான் நடந்தது. பாதிக்கப்பட்ட வட கரோலினா மாவட்டங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி செல்போன் டவர்கள் முதல் நாட்களில் செயலிழந்தன. செப்டம்பர் 30 அன்று, சுமார் 600 பேரின் நிலை தெரியவில்லை என்று வெள்ளை மாளிகை தரப்பில் சொல்லப்பட்டது. அதில் பலர் உண்மையில் காணாமல் போனவர்கள் அல்ல. வீட்டில்தான் இருந்தார்கள், சொல்லத்தான் வழியில்லை. ஆனால் யார் பத்திரமாக இருக்கிறார், யார் மண்ணுக்கு அடியில் இருக்கிறார் என்பது வெளியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரின் போனும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லாமல் இருக்கும்.

மீட்புப் படைக்கு இது பெரிய தலைவலி. நலமாக இருக்கும் ஒருவரைத் தேடிச் செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் உண்மையில் ஆபத்தில் இருப்பவரிடமிருந்து பறிபோகும் நேரம். அதனால்தான் பக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் போய்ப் பார்த்து, ‘இவர் ஓகே’ என்று பட்டியலில் ஒரு பெயரை அடிப்பதுகூட மீட்புப் பணியின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

அங்கே எதெல்லாம் வேலை செய்தது?

பழைய விஷயங்கள் பல கைகொடுத்தன. மிட்செல் மலையில் இருந்த ஹாம் ரேடியோ ரிப்பீட்டர் வழியாக, ‘இந்த முகவரியில் இருப்பவர் நலமா, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்’ என்ற கோரிக்கைகள் பரிமாறப்பட்டன. புளூ ரிட்ஜ் பப்ளிக் ரேடியோவில் அதிகாரிகளின் அறிவிப்புகளை மக்கள் பேட்டரி ரேடியோவிலும் கார் ரேடியோவிலும் கேட்டார்கள். பொது இடங்களில் கைப்பட எழுதிய துண்டுச் சீட்டுகள் ஒட்டப்பட்டன. வைஃபை கிடைத்த நூலக வாசல்களில் கூட்டம் நின்றது.

புதிய விஷயம் ஒன்றும் உதவியது. ஐபோன் 14 முதலான மாடல்களில் சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் வசதி ஐஓஎஸ் 18 அப்டேட்டில் வந்தது. அந்த அப்டேட் வெளியானது செப்டம்பர் 16, அதாவது புயலுக்குச் சரியாக 11 நாள் முன்பு. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டவர்களுக்கு, நெட்வொர்க் போன பிறகு அதை டவுன்லோடு செய்ய வழியே இல்லை.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தது, நேரில் போவது.

சைக்கிள் ஏன்?

ரோட்டின் மேல் மரம் விழுந்திருந்தால் காரில் போனவர் திரும்பித்தான் வர வேண்டும். சைக்கிளில் போனவர் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி, மரத்தைத் தாண்டி மறுபடி ஏறிக்கொள்வார். பாதி ரோடு சரிந்து, மிச்சம் இரண்டு அடி உறுதியான நிலம் இருந்தாலும் உருட்டிக்கொண்டு போகலாம். பெட்ரோல் வேண்டாம். அந்த வாரத்தில் பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை. கரன்ட் இல்லாத பங்க்கில் பெட்ரோல் இருந்தும் பயனில்லை. நடந்துபோனால் அரை நாள் பிடிக்கும் தூரத்தை சைக்கிள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும். முதுகுப்பையில் மருந்து, தண்ணீர், பவர் பேங்க் கொண்டுபோகலாம்.

மலைப்பாதைகளை மனப்பாடமாக அறிந்திருப்பது இன்னொரு பலம். கூகுள் மேப் திறக்காத நாளில், ‘அந்தப் பாலம் போயிருந்தா மேல இருக்கிற பழைய ரயில் பாதை பக்கமா போயிடலாம்’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 2012 அக்டோபரில் ‘சாண்டி’ புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது சப்வே சுரங்கங்களில் வெள்ளம் புகுந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, ஒற்றைப்படை, இரட்டைப்படை நம்பர் பிளேட் முறையில் பங்கீடு செய்தார்கள். அந்த நாட்களில் ஈஸ்ட் ரிவர் பாலங்களைக் கடந்த சைக்கிள்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிட இரண்டு மடங்கைத் தாண்டியது. வெள்ளத்தில் சிக்கிய ராக்அவே பகுதிக்குத் தன்னார்வலர்கள் சைக்கிளில் பொருட்கள் கொண்டுபோனார்கள். ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லேண்டில் இதற்கென்றே ஒரு போட்டி நடக்கிறது. பெரிய நிலநடுக்கம் வந்து நான்கு நாள் ஆகிவிட்டதாக வைத்துக்கொண்டு, கார்கோ சைக்கிளில் தண்ணீரும் நிவாரணப் பொருட்களும் ஏற்றி, தடைகளைத் தாண்டி ஊரைச் சுற்றி வர வேண்டும்.

ஆனால், வண்டியைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது.

தலை எண்ணும் பழக்கம்

குரூப் ரைடு போகிறவர்களுக்குத் தெரியும். ஏற்றம் முடிந்ததும் எல்லாரும் நிற்பார்கள். தலை எண்ணுவார்கள். ஒருவர் குறைந்தால், ‘யாருப்பா வரல? பஞ்சரா?’ என்று ஒருவர் திரும்பிப் போய்ப் பார்ப்பார். கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதற்கென்றே ‘ஸ்வீப்’ என்று ஒருவர் இருப்பார். யாருக்கு ஆஸ்துமா, யார் இன்ஹேலர் வைத்திருக்கிறார், யார் வீடு ஆற்றங்கரையில், யார் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் டீக்கடையில் பேசிப் பேசியே தெரிந்திருக்கும்.

பேரிடர் நேரத்தில் தேவைப்படுவது இதே வேலைதான்: எண்ணு, குறைகிறவரைக் கண்டுபிடி, திரும்பிப் போய்ப் பார்.

சமூகவியல் ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. 1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் 739 பேர் கூடுதலாக இறந்தனர். அதை ஆராய்ந்த எரிக் கிளினன்பெர்க், வறுமை ஒரே அளவில் இருந்த பகுதிகளிலும், அக்கம்பக்கத்தினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடங்களில் சாவு குறைவாக இருந்ததைக் காட்டினார். தனியாக இருந்து, யாரும் கதவைத் தட்டாததால் இறந்தவர்கள் பலர்.

டேனியல் ஆல்ட்ரிச் என்ற பேராசிரியர் 2005 ‘கத்ரீனா’ புயலில் தன் சொந்த வீட்டையே இழந்தவர். ஜப்பானின் கோபே நிலநடுக்கம், கத்ரீனா, 2004 சுனாமிக்குப் பிந்தைய தமிழகக் கடலோர கிராமங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்தார். மீண்டு எழுவதில் மக்களுக்கு இடையிலான உறவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவர் முடிவு. ஆனால், அவர் இன்னொன்றையும் கவனித்தார். நம் கிராமங்களில் கட்டுக்கோப்பான அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களுக்கு உதவியை விரைவாகக் கொண்டுவந்தன. அதே அமைப்புகள், தங்களுக்கு வெளியே இருந்த தலித்துகளையும் விதவைகளையும் பட்டியலில் இருந்து விட்டுவிட்டன.

சைக்கிளிங் குரூப்புக்கும் இது பொருந்தும். 40 பேரும் ஓகே என்று தெரிந்ததும் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால், நண்பரைப் பார்க்கப் போன வழியில், யாருடைய குரூப்பிலும் இல்லாத ஒரு பாட்டியின் வீடு இருக்கும். அந்தக் கதவையும் தட்டிவிட்டு வந்தால்தான் அந்த ரைடு முழுமை பெறும்.

எப்போது போகக் கூடாது?

உதவப் போய், தானே மீட்கப்பட வேண்டிய நிலைக்கு ஆளாகக் கூடாது. சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

* ஓடும் வெள்ளம்: 15 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் நீரே ஒரு பெரியவரைக் கீழே தள்ளப் போதும். ‘முழங்கால் அளவுதானே’ என்று இறங்க வேண்டாம்.
* அறுந்த மின்கம்பி: கரன்ட் இல்லை என்று நினைத்துத் தாண்ட வேண்டாம். குறைந்தது 10 மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.
* மேலே நன்றாகத் தெரியும் ரோடு: அடியில் மண் அரித்துப் போயிருக்கலாம். ஓரத்தில் விரிசல் தெரிந்தால் திரும்பிவிடுங்கள்.
* தனியாகப் போவது: இரண்டு பேராகப் போங்கள். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.
* வெள்ளத்தில் மூழ்கிய இ-பைக்: அதன் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். சார்ஜ் போட வேண்டாம்.
* மூடப்பட்ட பகுதி, மீட்புப் பணி நடக்கும் இடம்: வேடிக்கை பார்க்கவோ வீடியோ எடுக்கவோ போகாதீர்கள்.

உங்கள் குரூப் இப்போதே என்ன செய்யலாம்?

புயல் எச்சரிக்கை வந்த பிறகு இதையெல்லாம் பேச நேரம் இருக்காது. ஒரு ஞாயிறு ரைடுக்குப் பிறகு, டீ ஆறுவதற்குள் முடிக்கக்கூடிய வேலை இது.

1. முகவரிப் பட்டியல்: போன் நம்பர் மட்டும் போதாது. வீட்டு முகவரி, அடையாளம், ரத்த வகை, வழக்கமான மருந்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரின் நம்பர். சம்மதம் கேட்டு வாங்கி, காகிதத்தில் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

2. ஜோடி: ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருக்கும் ஒருவர். புயல் ஓய்ந்ததும் அவர் இவரையும் இவர் அவரையும் பார்க்க வேண்டும். ‘எல்லாரும் பார்த்துப்பாங்க’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

3. சந்திக்கும் இடமும் நேரமும்: போன் இல்லாவிட்டால் தினமும் காலை 9 மணிக்கு இந்த இடம் என்று ஒன்று. வர முடியாதவர் வேறொருவரிடம் சீட்டு கொடுத்து அனுப்பலாம்.

4. வெளியூர் ஆள்: பாதிக்கப்பட்ட ஊருக்குள் பேச முடியாதபோதும் வெளியூருக்குச் சில நேரம் லைன் கிடைக்கும். எல்லாரும் ஒரே வெளியூர் நண்பருக்குத் தகவல் சொன்னால், அவரிடம் முழுப் பட்டியலும் இருக்கும்.

5. எஸ்எம்எஸ்: கால் போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் போக வாய்ப்பு உண்டு. அதற்குத் தேவைப்படும் சிக்னல் குறைவு. உடனே போகாவிட்டாலும் நெட்வொர்க் மறுபடி முயற்சி செய்யும். பெயர், இடம், நேரம், ‘நலம்’ அல்லது ‘உதவி தேவை’. அவ்வளவு போதும்.

6. புயல் பை: ட்யூப், பம்ப், பஞ்சர் கிட், லைட், பவர் பேங்க், தண்ணீர், முதலுதவி, பேனா, பேப்பர்.

வெள்ளம் வடிந்தால் முடிந்துவிடுமா?

இல்லை. ஆஷ்வில்லில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம் என்ற அறிவிப்பு வந்தது நவம்பர் 18 அன்று; புயல் வந்து 53 நாள் கழித்து. பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அடித்துச் செல்லப்பட்ட தேசிய நெடுஞ்சாலை ஐ-40, இரு திசையிலும் ஒவ்வொரு லேனாகத் திறக்கப்பட்டது 2025 மார்ச் 1 அன்றுதான். பிஸ்கா ஏரியா சோர்பா போன்ற மவுண்டன் பைக் அமைப்புகளின் தன்னார்வலர்கள் விழுந்த மரங்களை அறுத்து, பாதைகளைச் சீரமைக்கும் வேலையில் இறங்கினார்கள்.

இத்தனை நாட்களில், முதல் நாள் ‘நான் ஓகே’ என்று சொன்னவர் மூன்றாவது வாரம் அப்படி இல்லாமல் இருக்கலாம். வேலை போயிருக்கும், வீட்டில் பூஞ்சை பிடித்திருக்கும், தூக்கம் வராது. முதல் நாள் கேட்ட கேள்வியை மூன்றாவது வாரமும் கேட்க வேண்டியிருக்கிறது. மறுபடி ரைடு தொடங்கியும் ஒருவர் வரவில்லை என்றால், அவர் வீட்டுப் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, மணியடித்து, வாசலில் நின்றே கேட்டுவிட்டு வரலாம்: ‘நல்லா இருக்கியா?’