கைக்கு அடுத்துதான் திரை

"தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழிப் பாடம் நல்லதா, கெட்டதா?" என்பதுதான் நெறியாளர் என் முன் வைத்த கேள்வி. முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் போதித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு என் மாணவர்கள் என் பேரப்பிள்ளைகள்தான். இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. எது முதலில் வர வேண்டும், எது பிறகு வர வேண்டும் என்று கேட்டால், அதற்கு என்னிடம் தெளிவான பதில் இருக்கிறது.

வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் பேரன் மூன்றாம் ஆண்டு படித்த சமயம், டேப்லெட்டில் பின்னக் கணக்கு விளையாட்டு ஒன்றை மும்முரமாக விளையாடிக் கொண்டிருந்தான். பத்துக்குப் பத்து. திரையில் நட்சத்திரங்கள் கொட்டின. பசியாறும் நேரம். தட்டில் இருந்த ரொட்டி சானாயைக் காட்டி, "ஐயா, இதில் மூன்றில் ஒரு பங்கு தரட்டுமா, நான்கில் ஒரு பங்கு தரட்டுமா?" என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல், "நாலுல ஒண்ணு குடுங்க தாத்தா, நாலுதானே பெருசு!" என்றான்.

சிரித்துவிட்டு விடுகிற விஷயம் அல்ல இது. பின்னம் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு கட்டத்தில் இதே தவற்றைச் செய்கிறார்கள். முழு எண்ணில் கற்றதை அப்படியே பின்னத்திற்கும் கொண்டு வருகிறார்கள். விளையாட்டில் அவன் பத்துக்குப் பத்து வாங்கியதற்குக் காரணம், எந்த இடத்தில் எந்த எண்ணைத் தட்ட வேண்டும் என்ற வழி அவனுக்குப் பழகிவிட்டது. பங்கு என்றால் என்ன என்பது பழகவில்லை. அன்று இரண்டு ரொட்டிகளை எடுத்தோம். ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் அவனே பிய்த்தான். ஒரு துண்டின் மேல் மற்றதை வைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்தச் சந்தேகம் வரவே இல்லை.

செயல், படம், குறியீடு

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1907ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய போதே, பிள்ளைகளின் கையில் மணிகளையும் மரக்கட்டைகளையும்தான் கொடுத்தார். அமெரிக்க உளவியல் அறிஞர் ஜெரோம் புரூனர் 1960களில் இதற்கு ஒரு வரிசையை வகுத்தார். பிள்ளை முதலில் கையால் செய்கிறது, பிறகு படமாகப் பார்க்கிறது, கடைசியில்தான் எண்ணாகவும் எழுத்தாகவும் புரிந்து கொள்கிறது என்றார். அண்டை நாடான சிங்கப்பூர் 1980களின் தொடக்கத்தில் தன் தொடக்கப்பள்ளிக் கணிதத்தை இந்த மூன்று படிகளின் மேல்தான் கட்டியது. 2023ஆம் ஆண்டு நடந்த டிம்ஸ் அனைத்துலக ஆய்வில் நான்காம் வகுப்புக் கணிதம், அறிவியல் இரண்டிலும் சிங்கப்பூருக்கே முதலிடம். கணினி வசதியில் குறை வைக்காத நாடு அது. அங்கேயும் பிள்ளையின் கையில் முதலில் கட்டைகள்தான் வருகின்றன.

இப்போது திரையை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். திரை கொடுப்பது படமும் குறியீடும். அதாவது இரண்டாம் படியும் மூன்றாம் படியும். முதல் படியை அதனால் கொடுக்க முடியாது. முதல் படி ஏறாத பிள்ளையை நேரே இரண்டாம் படியில் கொண்டு போய் நிறுத்தினால், அது ஏறிவிட்டது போலத்தான் தோன்றும். ரொட்டியைக் காட்டினால்தான் விஷயம் வெளியே வரும்.

அப்படியானால் திரை எதற்கு? கை முடியாத இடத்திற்கு. காகிதத்தை எட்டாக மடிக்கலாம், பதினாறாகவும் மடிக்கலாம், பதினேழாக மடிப்பது சிரமம். திரையில் பதினேழு பங்கும் தெரியும், நூறு பங்கும் தெரியும். இருபது புதுக் கணக்குகளைக் கொடுத்து, எதில் பிள்ளை தடுமாறுகிறது என்பதைக் குறித்தும் வைக்கும். முப்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியர் அதை அன்றாடம் செய்வது கடினம்.

பச்சைப்பயறும் முப்பது வினாடியும்

அறிவியலிலும் இப்படித்தான். பயறு முளைப்பதைக் காட்டும் காணொளிகள் இணையத்தில் ஏராளம். வேர் இறங்குவதும் இலை விரிவதும் முப்பது வினாடியில் முடிந்துவிடும். அதை மட்டுமே பார்த்த ஒரு மாணவி, ஈரப் பஞ்சில் நட்ட பயற்றை மறுநாள் காலையில் வந்து பார்த்துவிட்டு, "சார், என்னுது செத்துப் போச்சு" என்று அழுதாள். காத்திருக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியவில்லை!

அதன் பிறகு வரிசையை மாற்றினேன். முதலில் ஒரு வாரம் பயறு வளர்ப்பது. தினமும் அடிக்கோலால் அளந்து எழுதி, பெற்றோரின் கைத்தொலைபேசியில் ஒரு படம். வார முடிவில்தான் காணொளி. அப்போது பிள்ளைகள் அதைப் பார்த்த விதமே வேறு. "நிறுத்துங்க சார், வேர் முதல்ல வருதா, இலை முதல்ல வருதா, திரும்பப் போடுங்க" என்றார்கள்.

தமிழ் எழுத்துக்கும் இது பொருந்தும். விஜயதசமி அன்று அரிசியைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைப்பது நம் வழக்கம். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த போது எனக்கு அந்த அரிசித் தட்டுதான் நினைவுக்கு வந்தது. வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதியும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டியும் பழகினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டிய போது, கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே மூளையின் வாசிப்புப் பகுதி விழித்துக் கொண்டது. ஆனால் உச்சரிப்பு என்று வந்தால் கைத்தொலைபேசி நல்ல துணை. 'வாழைப்பழம்' என்று சொல்லி, தன் குரலைப் பதிவு செய்து, திரும்பக் கேட்கும் பிள்ளை தன் தவற்றைத் தானே கண்டுபிடிக்கிறது. நான் பத்து முறை திருத்தியும் வராத 'ழ'கரம் சிலருக்கு இப்படி வந்திருக்கிறது.

கருவி வந்தும் கல்வி வராத கதை

கருவியை முதலில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் உதாரணங்கள் உண்டு. தென் அமெரிக்காவின் பெரு நாடு ஆளுக்கொரு மடிக்கணினி என்று இலட்சக்கணக்கில் வழங்கியது. 319 தொடக்கப்பள்ளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. பொதுவான சிந்தனைத் திறனில் சற்று முன்னேற்றம். கணிதத்திலும் மொழியிலும் மாற்றமே இல்லை. நம் நாட்டிலும் 2011 முதல் 2019 வரை 1பெஸ்தாரிநெட் என்ற திட்டம் சுமார் பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணைய வசதியும் கற்றல் தளமும் கொடுத்தது. அந்தத் தளத்தை மிகக் குறைவானவர்களே பயன்படுத்தினார்கள் என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே கூறியது. கருவி வந்துவிட்டது, அதை எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் பயன்படுத்துவது என்ற திட்டம் பின்தங்கிவிட்டது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த போது நம் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டு கல்வியமைச்சு பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிய வந்தது. கருவி இருந்தவர்களிலும் பெரும்பாலோரிடம் இருந்தது கைத்தொலைபேசிதான். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகே பிள்ளையின் கைக்கு வரும். மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவருக்கும் அதே ஒன்று.

இந்த வீடுகளை மனத்தில் வைத்துத்தான் நான் இந்த வரிசையை வற்புறுத்துகிறேன். நாள் முழுதும் திரையில் பாடம் என்றால் இந்தப் பிள்ளை தோற்றுவிடும். பகலில் கையால் செய்யும் வேலை, இரவில் பதினைந்து நிமிடம் கைத்தொலைபேசி என்றால் மூவரும் முறை வைத்துப் படிக்கலாம். டேட்டாவும் மிச்சம். பல பெற்றோர், "எந்தச் செயலியை வாங்கலாம் சார்?" என்று கேட்கிறார்கள். முதலில் ஓர் அளவு நாடா, ஒரு பூதக்கண்ணாடி, சமையலறைத் தராசு ஒன்று. இவை மூன்றும் வீட்டில் இருக்கட்டும். மாதச் சந்தா பற்றிப் பிறகு பேசுவோம்.

சிறிய தமிழ்ப்பள்ளிகளுக்கு இது இன்னும் முக்கியம். 150 மாணவருக்கு மேற்படாத பள்ளிகள் நம்மிடையே நிறைய. அவற்றிலும் மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் இணைத்துவிடுகிறார்கள். அங்கே ஆசிரியர் ஓர் ஆண்டுக்கு நேரடியாகப் பாடம் நடத்தும் போது, மற்ற ஆண்டின் ஒரு குழு தரையில் கட்டைகளோடு உட்காரலாம், இன்னொரு குழு இருக்கிற நான்கு கணினிகளில் பயிற்சி செய்யலாம். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இடம் மாறலாம். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டதால், தேர்வுத்தாள் பயிற்சிக்குப் போன நேரம் கொஞ்சம் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதை மீண்டும் பயிற்சி நூல்களுக்கே கொடுத்துவிடாதீர்கள் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்களைக் கேட்டுக் கொள்கிறேன்.

"பள்ளியே வேண்டாம், வீட்டிலேயே இணையத்தில் படிக்க வைக்கிறேன்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003 முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். அமைச்சரிடம் விலக்குப் பெறாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதிருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சிங்கப்பூரிலும் அதே 2003 முதல் விலக்குப் பெற வேண்டும், பிஎஸ்எல்இ தேர்வும் எழுத வேண்டும்.

அலோர் ஸ்டாரும் ஜொகூர் பாருவும்

கையும் திரையும் ஒன்றையொன்று விட்டால் நடக்கவே நடக்காத ஒரு பாடத்தை ஆறாம் ஆண்டு ஆசிரியர்களுக்குச் சொல்லி முடிக்கிறேன். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தனிஸ் என்ற அறிஞர் இரண்டு ஊர்களின் நண்பகல் நிழலை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். நம் பிள்ளைகளும் செய்யலாம். அலோர் ஸ்டாரில் ஒரு தமிழ்ப்பள்ளி, ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளி. இரண்டுக்கும் நடுவே இணையம்.

ஜூன் 21 வாக்கில் ஒரு மீட்டர் கம்பை நட்டால், நண்பகலில் ஜொகூர் பாருவில் நிழல் சுமார் 40 செண்டிமீட்டர் இருக்கும். அலோர் ஸ்டாரில் 31 செண்டிமீட்டர்தான். நிழல் தெற்கு நோக்கி விழுவதைப் பிள்ளைகளே கவனிக்கட்டும். இங்கே நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல. 1982இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்களே, அதனாலும் சேர்ந்து, சூரியன் உச்சிக்கு வருவது ஜொகூர் பாருவில் 1.07 அளவில், அலோர் ஸ்டாரில் 1.20 அளவில். பள்ளி முடியும் நேரமாயிற்றே என்பீர்கள். ஒரு நாளைக்குப் பெற்றோர் காத்திருக்கட்டும்.

இரு வகுப்புகளும் காணொளி அழைப்பில் தங்கள் அளவுகளைப் பரிமாறிக் கொள்ள வேண்டும். கோணம் காண முக்கோணவியல் தேவையில்லை. கம்பைப் பத்து செண்டிமீட்டர் கோடாகவும் நிழலை அதே விகிதத்திலும் தாளில் வரைந்து, பாகைமானியால் அளக்கலாம். ஏறக்குறைய 22 பாகையும் 17 பாகைக்குச் சற்றுக் கூடுதலும் வரும். வித்தியாசம் சுமார் 4.6. இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 512 கிலோமீட்டர். 360ஐ 4.6ஆல் வகுத்து 512ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 40,000 கிலோமீட்டர். உண்மை அளவும் அதுதான்! நெடுஞ்சாலைத் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், விடை எங்கோ போய்விடும். நிலப்படத்தில் வடக்கு தெற்காக மட்டும் அளக்க வேண்டும்.

நிழலில் ஒரு செண்டிமீட்டர் தவறினாலே விடையில் நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர் தவறிவிடும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். "யாருடைய அளவு தப்பு?" என்று இரு வகுப்புகளும் திரையின் இரு பக்கமும் நின்று வாதாடும் அந்தப் பத்து நிமிடத்திற்காகவே இதை நான் சிபாரிசு செய்கிறேன். கம்பு நேராக நிற்கிறதா என்பதை நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள். 12.50லிருந்து ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். ஆகக் குட்டையான நிழல்தான் கணக்கு. மேகம் மறைத்தால் அடுத்த நாள் செய்யலாம். ஜூன் 15 முதல் 27 வரை சூரியனின் உயரம் அதிகம் மாறுவதில்லை. கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை, ஜொகூரில் 2025 முதல் சனியும் ஞாயிறும். ஆகவே திங்கள் முதல் வியாழன் வரைக்குள் ஒரு நாளைப் பார்த்து இரு தலைமையாசிரியர்களும் பேசி வைத்துக் கொள்ளுங்கள்.