யார் சொல்லிப் படித்தோம்

தமிழ்நாட்டில் யார் யாருக்கு எதைப் படிக்கச் சொன்னார்கள் என்ற கதையைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் விமர்சகர் க.நா.சு.வின் பட்டியல்களிலிருந்து தொடங்குவார்கள். எனக்கென்னவோ அந்தக் கதை பைண்டிங் கடையிலிருந்து தொடங்குவதாகத்தான் படுகிறது.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ வாராவாரம் வந்தது. மூன்றரை ஆண்டு. வீட்டில் எல்லோரும் படித்து முடித்த பிறகு, இதழின் பின்னைக் கழற்றித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் எடுத்துத் தேதி வரிசையில் அடுக்கி வைப்பார்கள். ஒரு பாகம் சேர்ந்ததும் அது பைண்டிங் கடைக்குப் போகும். காலிகோ முதுகும் கெட்டி அட்டையுமாகத் திரும்பி வரும். உள்ளே மணியத்தின் ஓவியங்கள் இருக்கும். அத்தியாயம் முடியும் பக்கத்தின் மறுபுறத்தில் வேறு யாரோ எழுதிய சிறுகதையின் பாதியும் ஒரு தைல விளம்பரமும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். நடுவில் ஓர் இதழ் தவறியிருந்தால், பொறுமைசாலிகள் அக்கம்பக்கத்துப் பிரதியைப் பார்த்துக் கையால் எழுதிச் சேர்த்துவிடுவார்கள்.

இப்படி பைண்டு செய்து வைத்திருப்பதே ஒரு சிபாரிசு. இதழில் வந்த எல்லாத் தொடரையும் யாரும் பைண்டு செய்யவில்லை. பக்கத்து வீட்டு அக்கா காசும் பொழுதும் செலவழித்து ஒரு கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள் என்றால், அதற்கு மேல் அந்தக் கதையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. “ரெண்டாம் பாகம் சித்தி வீட்டுல இருக்கு, வந்ததும் தர்றேன். மழையில நனைச்சிடாத” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சாண்டில்யனின் ‘கடல் புறா’, நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’, லக்ஷ்மி, அநுத்தமா, பிறகு சிவசங்கரி, இந்துமதி என்று ஒரு பெரிய நூலகமே கொல்லைப்புற வாசல் வழியாகக் கைமாறியது. அரவிந்தன், பூரணி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் அளவுக்குக் ‘குறிஞ்சி மலர்’ வீடுகளுக்குள் போனது எந்த விமர்சகரும் சொல்லி அல்ல.

இந்தக் கைமாற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இலக்கிய வரலாற்றில் இவர்களுக்கு ஒரு வரி கிடையாது. எதைப் படித்தார்கள் என்பதை வைத்து இவர்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. எப்படிப் படிக்க வைத்தார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இன்னொரு பக்கம் ஆண்களின் உலகம். அதுவும் குறைந்ததல்ல. க.நா. சுப்ரமண்யம் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று நூலுக்கே தலைப்பு வைத்தவர். எந்த நாவல் தேறும், எது தேறாது என்று பட்டியல் போட்டுப் பலரின் பகையைச் சம்பாதித்தவர். கல்கியை இலக்கியமாக ஏற்க மறுத்தவர். ஆனால் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. பிற மொழியில் ஒன்று பிடித்துவிட்டால் உட்கார்ந்து மொழிபெயர்த்தே கையில் கொடுத்துவிடுவார். நட் ஹாம்சனின் ‘நிலவளம்’, லாகர்க்விஸ்டின் ‘அன்பு வழி’ எல்லாம் அப்படி வந்தவை. நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ பிடித்துப்போனதும் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். ஒரு புத்தகத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு மனிதர் இவ்வளவு உழைக்க முடியுமா என்று இன்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது.

சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழை 1959-இல் தொடங்கி 1970 வரை நடத்தினார். சில நூறு பேர் படித்த பத்திரிகை. அவரே புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். சொல்பவரும் விற்பவரும் சுமப்பவரும் ஒருவரே. இந்த வட்டத்துக்குள் நுழைய யாராவது ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். சந்திப்பு டீக்கடையிலோ லாட்ஜ் அறையிலோ நடக்கும். இரவு பத்து மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மௌனியைப் பற்றிப் பேச எந்த ஊரில் எந்தப் பெண்ணை விட்டார்கள்? அந்தக் காலத்துச் சிற்றிதழ் நட்பை நினைத்து உருகும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

இடதுசாரிகளின் வழி தனி. நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் வண்டியில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் ஊர் ஊராக வந்தன. நல்ல தாள், கெட்டி அட்டை, விலையோ நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. சங்கத்தில் சேர வரும் இளைஞனிடம் தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் ‘தாய்’ நாவலைக் கொடுப்பார்கள். அடுத்த வாரம் ‘படிச்சாச்சா தோழர்?’ என்று கேட்பார்கள். படிக்காமல் தப்ப முடியாது. அரசியலுக்குள் வந்தவர்கள் சிலர் அப்படியே இலக்கியத்துக்குள்ளும் வந்துவிட்டார்கள். ‘தாய்’க்குப் பின்னால் ‘வெண்ணிற இரவுகள்’ வந்து, அதற்குப் பின்னால் கட்சிக் கூட்டத்துக்கு வராமல் போனவர்களும் உண்டு.

யாரையும் தெரியாதவர்களுக்கு நூலகம் இருந்தது. நூலகத் துறையில் உலகமே திரும்பிப் பார்த்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. கிளை நூலகங்கள் பெருகின. அங்கே எந்த நூலை எடுப்பது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டாலும், பின் அட்டையின் உள்புறம் ஒட்டிய தேதிச் சீட்டு சொல்லும். முத்திரை மேல் முத்திரையாக மை அப்பிக் கிடந்தால் தைரியமாக எடுக்கலாம். சீட்டு வெள்ளையாக இருந்தால் ஒன்று மோசமான புத்தகம், அல்லது பொக்கிஷம்.

பக்க ஓரங்களில் பென்சில் குறிப்புகள் வேறு. ‘அருமை’, ‘இவன் திருந்தவே மாட்டான்’, ‘40 பக்கம் தாண்டினால் நன்றாக இருக்கும்’. துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதிவைத்த கொடியவர்களும் உண்டு. முகம் தெரியாதவர்கள் கருத்துச் சொல்வதும், கதையைப் போட்டு உடைப்பதும் செல்போனோடு வந்த வியாதி என்று நினைப்பவர்கள் பழைய நூலகப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்க்கலாம். வாடகை நூலகங்களில் நிலைமை இன்னும் வேறு. 1955-இல் சென்னையில் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகம் போன்ற இடங்களில் எந்த வாசகர் எதைப் படித்தார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். தெரியாவிட்டால் வியாபாரம் நடக்காது.

பத்திரிகை மதிப்புரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும். ஒன்று அனுப்பினால் ‘வரப்பெற்றோம்’ பகுதியில் பெயர் மட்டும் வரும். இரண்டு அனுப்பினாலும் பல நேரம் அதேதான்.

வீட்டு வாசலும் டீக்கடை பெஞ்சும் ஒன்றையொன்று பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டுக்கும் நடுவே நின்றவர் சுஜாதா. ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் பேருக்காக எழுதியதைப் பின்னாளில் ‘ஆனந்த விகடன்’ ‘கற்றதும் பெற்றதும்’ தொடரில் லட்சக்கணக்கானவர்களுக்கு எழுதினார். 300 பிரதி அச்சடித்த கவிதைத் தொகுப்பிலிருந்து நாலு வரி எடுத்துப் போட்டு, கவிஞர் பெயரைச் சொல்லி, ஒரு கிண்டலோடு நகர்ந்துவிடுவார். மறு வாரம் அந்தத் தொகுப்பைத் தேடி ஆட்கள் அலைவார்கள். அவர் ரசனையில் எனக்குச் சில சண்டைகள் உண்டு. ஆனாலும் சமையலறையில் விகடன் படித்தவருக்குச் சிற்றிதழ்க் கவிஞனின் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர் 2008-இல் மறையும் வரை செய்த பெரிய காரியம்.

இன்று அந்த வேலையைப் பல்லாயிரம் பேர் செய்கிறார்கள். இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் ஒரு நிமிடத்தில் ஐந்து நாவல்கள். யூடியூபில் ஒருவர் முழுக் கதையையும் சொல்லி முடிக்கிறார். கேட்டவர்கள் அந்த நாவலைப் படித்துவிட்ட திருப்தியோடு உறங்கப் போகிறார்கள். ஃபேஸ்புக்கில் ஜனவரி பிறந்தால் ‘நான் வாங்கியவை’ என்ற அடுக்கு, டிசம்பரில் ‘இந்த ஆண்டு வாசித்தவை’ என்ற அடுக்கு. இரண்டு அடுக்குகளும் ஒத்துப்போகின்றனவா என்று யாரும் சரிபார்ப்பதில்லை, நல்லவேளையாக.

இதில் நடந்த நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் பின்தொடரும் தமிழ் வாசிப்புப் பக்கங்களில் பாதிக்கு மேல் இளம் பெண்கள் நடத்துபவை. ராஜம் கிருஷ்ணனையும் அம்பையையும் பாமாவையும் இமையத்தையும் அவர்கள் கேமரா முன்னால் நீட்டிப் பேசுகிறார்கள். சிற்றூரில் இருக்கும் பெண்ணுக்கு டீக்கடைப் பெஞ்சும் வேண்டாம், யாருடைய அறிமுகக் கடிதமும் வேண்டாம். முன்பு கொல்லைப்புறமாகப் போய்வந்த சிபாரிசு இப்போது தெருவாசலில் நின்று பேசுகிறது. பழைய நாளை நினைத்துப் பெருமூச்சு விடுபவர்கள் இதை மறந்துவிட்டுத்தான் விடுகிறார்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதால், சொல்லப்படும் பெயர்கள் சுருங்கிவிட்டன. எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதல் இருபது பெயர்கள் ஒன்றாகவே இருக்கின்றன. மணிரத்னத்தின் படம் 2022-இல் வந்தபோது பொன்னியின் செல்வன் எல்லாக் கடையிலும் எல்லாப் பதிப்பகத்தின் அட்டையிலும் குவிந்தது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். படித்தவர்கள் மகிழ்ந்து, அடுத்து என்ன என்று கேட்டபோது, ‘வேள்பாரி’ என்று ஒரே குரலில் பதில் வந்தது. மோசமான பதில் இல்லை. ஆனால் கேட்டவர் பதினாறு வயதா அறுபது வயதா, அவருக்குப் பிடித்தது சோழர்களையா வந்தியத்தேவனின் குறும்பையா என்று யாரும் கேட்கவில்லை. குறும்பு பிடித்தவரைத் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ பக்கம் திருப்பிவிட்டிருக்கலாம்.

‘வேண்டாம்’ என்று சொல்ல ஆளில்லாததும் இந்தக் காலத்துக் குறைதான். க.நா.சு. காலத்தில் சிபாரிசோடு சண்டையும் சேர்ந்தே வரும். ஒருவர் எதை நிராகரிப்பார் என்று தெரிந்ததால் அவர் பாராட்டுக்கு எடை இருந்தது. இன்று எழுதியவரும் படித்தவரும் ஒரே நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். ‘சுமார்’ என்று எழுதினால் காலையில் எழுத்தாளரே உள்பெட்டியில் வந்து நிற்பார். ஆகவே எல்லாம் ‘தவறவிடக் கூடாத’ நூல்கள்.

மாவட்டந்தோறும் இப்போது புத்தகத் திருவிழா நடக்கிறது. சென்னையில் 1977-இல் அண்ணா சாலை மதரசா-இ-ஆசம் பள்ளியில் சிறிய அளவில் தொடங்கியது நந்தனத்தில் நூற்றுக்கணக்கான அரங்குகளாகப் பரந்து கிடக்கிறது. ஆட்கள் பட்டியலோடு வருகிறார்கள். அன்று மடித்த காகிதம், இன்று ஸ்கிரீன்ஷாட். பாதிக் கடைகளில் பையன் திரையைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்றோ ‘அந்த வரிசையில’ என்றோ கை காட்டுவான். கோவையில் விஜயா பதிப்பகம் வேலாயுதம் போல, வந்தவரை உட்காரவைத்துப் பேசிப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர்களின் வழியில் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவரை அண்மையில் ஒரு மாவட்டப் புத்தகத் திருவிழாவில் பார்த்தேன். கல்லூரி மாணவி ஒருத்தி செல்போனை நீட்டி, “அண்ணா, இது இருக்கா?” என்றாள்.

“இருக்கும்மா. கடைசியா என்ன படிச்சே?”

சொன்னாள். எது பிடித்தது என்று கேட்டார். அதையும் சொன்னாள். மேல் தட்டிலிருந்து தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலை எடுத்து, “இதைப் படி. பிடிக்கலேன்னா நாளைக்கு வந்து திட்டு, பத்து நாளும் இங்கேதான் இருப்பேன்” என்றார். அவள் தடிமனைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு வாங்கினாள். பில் போடும் முன்பே அட்டையைப் படமெடுத்துத் தன் வாசிப்புக் குழுவுக்கு அனுப்பியும் விட்டாள். உடனே வந்த முதல் பதிலைத் தோழியிடம் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினாள்: “பிடிஎஃப் கிடைக்குமா?”