ஆர்டர் வேறு, ரொக்கம் வேறு: எச்.ஏ.எல். வளரும் விதம்

பாதுகாப்புத் துறை நிறுவனங்களைப் பற்றிய செய்திகளில் 'லட்சம் கோடி' என்னும் தொகை இப்போது அடிக்கடி தென்படுகிறது. போர் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் தயாரிக்கும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் கையிலிருந்த ஆர்டர்களின் மதிப்பு, 2025 மார்ச் இறுதியில் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. அந்த நிதியாண்டில் அதன் வருவாய் ஏறத்தாழ 31,000 கோடி. புதிதாக ஓர் ஆர்டரும் வராவிட்டாலும், இதே வேகத்தில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்கு வேலை உண்டு என்று பொருள்.

இத்தகைய நிறுவனத்திற்குப் பணத்தட்டுப்பாடு வருமா? வந்திருக்கிறது. 2019 ஜனவரியில், அன்றாடச் செலவுகளுக்காக வங்கியிலிருந்து 1,000 கோடி ரூபாய்க்குச் சற்றே குறைவான தொகையை மிகைப்பற்றாக எடுக்க நேர்ந்ததாக நிறுவனத் தரப்பே தெரிவித்தது. அப்போதும் அதன் கையில் பல்லாயிரம் கோடிக்கு ஆர்டர்கள் இருந்தன. ஒப்படைத்த விமானங்களுக்கும் செய்த பணிகளுக்கும் வரவேண்டிய தொகை பெருமளவில் நிலுவையில் இருந்ததே நெருக்கடிக்கு முக்கியக் காரணம்.

இது நேர்ந்த விதத்தைப் புரிந்துகொள்ள, அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் பங்கேற்புடன் பெங்களூரில் தொடங்கிய விமானத் தொழிற்சாலையே இதன் வேர். 1942இல் அதன் நிர்வாகம் அரசின் கைக்கு மாறியது. 1964இல் மற்றோர் அரசு நிறுவனத்துடன் இணைந்து இன்றைய பெயரைப் பெற்றது. இன்றும் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பங்குகள் மத்திய அரசிடமே உள்ளன. விமானங்களை வாங்குவோரும் பெரும்பாலும் அரசின் முப்படைகளே. முதலாளியும் வாடிக்கையாளரும் ஒருவரே என்பதால் ஆர்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாதுகாப்பு நிதி ஒதுக்கீடு இறுகும் ஆண்டில், நிலுவையை வற்புறுத்திக் கேட்கவும் இயலாது.

2018 மார்ச்சில் வெளியான பங்கு வெளியீட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். அது முழுவதும் அரசு தன் பங்குகளை விற்ற வெளியீடு. திரட்டப்பட்ட தொகை அரசின் கருவூலத்திற்குச் சென்றது; தொழிற்சாலை விரிவாக்கத்திற்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. பங்கு வெளியீடு என்றாலே நிறுவனத்திற்குப் புது மூலதனம் என்று கருதும் வாடிக்கையாளர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது.

அப்படியானால் வளர்ச்சிக்கான பணம் எங்கிருந்து வருகிறது? ஈட்டிய இலாபத்திலிருந்தும், ஒப்பந்தம் கையெழுத்தானதும் அரசு தரும் முன்பணத்திலிருந்தும், பணியின் ஒவ்வொரு கட்டமும் நிறைவேறும்போது கிடைக்கும் தொகையிலிருந்தும் வருகிறது. பலரும் எண்ணுவதற்கு மாறாக, வருவாயில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி புது விமானங்களால் வருவதன்று. பழுதுபார்த்தல், முழுச் சீரமைப்பு, உதிரி பாகங்கள் ஆகியவற்றால் வருவது. 1963இல் விமானப்படையில் சேர்ந்த மிக்-21 வகை 2025 செப்டம்பரில்தான் விடைபெற்றது. நாசிக்கில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட 222 சுகோய்-30 விமானங்களும், குறிப்பிட்ட மணி நேரம் பறந்தபின் பிரித்துச் சீரமைக்கப்பட வேண்டியவை. விற்ற பொருளே பல பத்தாண்டுகளுக்கு வேலை தருகிறது. பெருந்தலைப்புகளில் இடம்பெறாத இந்தப் பராமரிப்புப் பணிதான், எங்கள் கணிப்பில், நிறுவனத்தின் முதுகெலும்பு.

புதிய விமானங்களின் கதை வேறு. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 46,000 கோடி ரூபாய்க்கும் மேலான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடம் 99 எஃப்-404 இன்ஜின்களுக்கு எச்.ஏ.எல். ஆர்டர் கொடுத்தது. விமானங்களின் ஒப்படைப்பு 2024 தொடக்கத்தில் துவங்க வேண்டும். முதல் இன்ஜினோ 2025 மார்ச்சில்தான் கிடைத்தது. வாங்குவோர் இன்மையால் சில ஆண்டுகளாக ஓடாதிருந்த உற்பத்தி வரிசையை ஜெனரல் எலக்ட்ரிக் மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. ஒப்படைப்பு தள்ளிப்போனால் அதையொட்டிய வரவும் தள்ளிப்போகிறது. வாங்கி வைத்த பாகங்களில் முடங்கிய பணமோ அப்படியே நிற்கிறது. இந்நிலையிலும் 2025 செப்டம்பரில் மேலும் 97 தேஜஸ் விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களுக்கான ஒப்பந்தங்களும் கையெழுத்தாகியிருந்தன.

இவ்வளவையும் ஒரே நிறுவனம் தன் கூரைக்குள் செய்து முடிக்க இயலாது. துமகூருவில் 615 ஏக்கரில் ஹெலிகாப்டர் தொழிற்சாலை, நாசிக்கில் தேஜசுக்கான மூன்றாவது உற்பத்தி வரிசை ஆகியவை ஒருபுறம். பெரும் பகுதிகளை வெளியில் செய்வித்துக்கொள்ளும் ஏற்பாடு மறுபுறம். தேஜஸ் மார்க்-1ஏ விமானத்தின் இறக்கைகள் கோயம்புத்தூரில் லார்சன் அண்ட் டூப்ரோ ஆலையில் உருவாகின்றன. இத்தகைய பெரிய ஆலைகளுக்கும் எச்.ஏ.எல்.லுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் பாகங்களைக் கடைந்து தருகின்றன. நம் வாடிக்கையாளர்கள் சிலருக்கும் இத்தொழிலுடன் தொடர்பு ஏற்படுவது இந்த இடத்தில்தான்.

சிறு பட்டறை முன்பணம் பெற வேண்டுமானால், வாங்கும் நிறுவனம் பொதுவாக வங்கி உத்தரவாதம் கேட்கும். அதற்கு வங்கி ஈட்டுத்தொகை கேட்கும். மூலப்பொருளுக்கும் கூலிக்கும் நடைமுறை மூலதனம் தேவை. மேலே ஓர் இன்ஜின் தாமதமானால், அதன் அழுத்தம் இறுதியில் கடைசல் எந்திரத்திற்குத் தவணை கட்டுபவர்மேல் இறங்கலாம். பெரிய நிறுவனத்திற்கு மிகைப்பற்று எளிதில் கிடைக்கும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு மூன்று மாதத் தாமதமே கதவை மூடச் செய்யப் போதுமானது.

ஆதலால் இவ்வகைப் பணியில் இறங்குவோருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு தெரிந்திருக்க வேண்டும். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை, பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாள்களுக்குள் வழங்க வேண்டும் என 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். பொருள் சேர்ந்த 15 நாள்களுக்குள் வாங்குபவர் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், பொருள் சேர்ந்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். விமான பாகங்களில் தரப்பரிசோதனை நீண்டுபோகக்கூடும் என்பதால், ஒப்படைப்புச் சீட்டில் தேதியும் கையொப்பமும் பெற்று வைப்பது மிகவும் அவசியம்.

அந்த 45 நாள்களும் காத்திருக்க இயலாதவர்களுக்கு 'டிரெட்ஸ்' மின்தளங்கள் உள்ளன. பட்டறை உரிமையாளர் தம் பட்டியலை அதில் ஏற்றுவார். வாங்கிய நிறுவனம் அதனை ஒப்புக்கொள்ளும். வங்கிகள் போட்டியிட்டு வட்டி விகிதம் குறிப்பிடும். ஏற்ற விகிதத்தைத் தேர்ந்தால், வட்டி கழித்த தொகை விரைவில் கணக்கில் சேரும். தவணை நாளில் வாங்கிய நிறுவனமே வங்கிக்குச் செலுத்த வேண்டும். அது தவறினாலும் பட்டறையிடம் திரும்பக் கேட்க வங்கிக்கு உரிமை இல்லை. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் இத்தளங்களில் பதிவு செய்வது கட்டாயம். எனவே பொதுத்துறை நிறுவனத்திடம் புதிய ஆர்டரை ஏற்குமுன், பட்டியலை டிரெட்ஸ் வழியாக ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டு, அதனை எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம்.